லைட், மீடியம், ஸ்ட்ராங்: டீக்கடை அளவியல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உலகத்து மாறிகளையெல்லாம் பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகித அளவை என நான்காகப் பகுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியலர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். பகுத்த ஆண்டு 1946. அன்று முதல் இப்பகுப்பு முதுகலை மாணவருக்கு ஐந்து மதிப்பெண் வினாவாகவும், முனைவர் பட்ட மாணவருக்கு வாய்மொழித் தேர்வில் வழியும் வியர்வையாகவும் பயன்பட்டு வருகிறது. இவ்விருவரும் தேர்வு முடிந்ததும் போய் நிற்கும் இடம் டீக்கடை. அங்கே பாய்லருக்குப் பின்னால் நிற்பவர் இந்நான்கையும் விடியற்காலை முதல் இரவு வரை பிழையின்றிக் கையாள்கிறார் என்பதும், பிழை செய்வோர் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்போரே என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்படும்.

1. ஆய்வின் தேவை

டீயில் ஆராய என்ன இருக்கிறது என்பார் உளர். அவர் அறியார். புள்ளியியல் என்னும் துறையே பாதி டீயில் ஊறியது என்க. என்னை? 1920களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில், பாசியியல் அறிஞர் மியூரியல் பிரிஸ்டல் அம்மையாருக்குப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் ஒரு கோப்பை டீ நீட்டினார். அம்மையார் வாங்க மறுத்தார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றி, அப்புறம் டீயை ஊற்றினால்தான் தமக்குப் பிடிக்கும். இதில் வரிசை மாறிவிட்டது. குடித்தால் தெரிந்துவிடும் என்றார். நம்மூராக இருந்தால் "இருக்கறதக் குடிங்கம்மா" என்று சொல்லி விஷயத்தை முடித்திருப்பார்கள். ஃபிஷர் முடிக்கவில்லை. எட்டுக் கோப்பை டீ. நான்கில் பால் முந்தி, நான்கில் டீ முந்தி. கலைத்து வைத்துவிட்டு எது எது என்று சொல்லச் சொல்வது என ஏற்பாடாயிற்று. எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே குருட்டாம்போக்கில் எல்லாமே சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பு. இந்தக் கணக்கை வைத்தே, 1935-இல் வெளிவந்த சோதனை வடிவமைப்பு பற்றிய தம் நூலில் அவர், அம்மையாருக்கு வேறுபாடு தெரியாது என்று முதலில் வைத்துக்கொள்ளும் இன்மைக் கருதுகோளை விளக்கினார். இன்று உலகெங்கும் ஆய்வேடுதோறும் நிராகரிக்கப்படும் இன்மைக் கருதுகோள்களுக்கெல்லாம் பூர்வீகம், ஓர் அம்மையார் நிராகரித்த டீ.

அதன்பின் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பும் சும்மா இருக்கவில்லை. ஐஎஸ்ஓ 3103 என்று 1980-இல் ஒரு நெறிமுறை வந்தது. 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் டீத்தூள். 6 நிமிடம் ஊற வேண்டும். பாத்திரம் பீங்கானாகவோ மெருகிட்ட மண்கலமாகவோ இருக்க வேண்டும். ருசியாக டீ போடச் சொல்லித்தருவது அதன் நோக்கமில்லை. ஒருவர் சுவைத்த டீயை இன்னொருவர் சுவைத்த டீயோடு ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே மாதிரி போட்டிருக்க வேண்டும் என்பதே. இதே பொருளில் ஆறு பக்கம் எழுதிய பிரித்தானியத் தரநிர்ணய நிறுவனத்துக்கு 1999-இல் இக்நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் இலக்கியத்துக்காக. எனினும் ஆற்றுதல் என்னும் செயல்முறைக்கு அந்நெறிமுறையில் இடமே இல்லாமையால் தமிழ்நாட்டு டீக்கடைக்கு அது செல்லாது. இந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு எழுந்தது.

2. நான்கின் வரலாறு

புலன் உணர்வை அளக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை காண, 1932-இல் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம் ஒரு குழு அமைத்தது. இயற்பியலாரும் உளவியலாரும் அதில் இருந்தார்கள். ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை நாங்கள் அளக்கிறோம் என்றது உளவியல் தரப்பு. அப்படியானால் ஓர் உரப்போடு இன்னோர் உரப்பைக் கூட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றது மறுதரப்பு. 1940-இல் இறுதி அறிக்கை வந்தபோதும் இருதரப்பும் அவரவர் நாற்காலியிலேயே இருந்தன. குழு அமைத்தால் என்ன ஆகும் என்பதில் எந்த நாட்டுக்கும் வேறுபாடில்லை.

அந்த விவாதத்தில் அடிபட்டது ஸ்டீவன்ஸ் உருவாக்கிய உரப்பு அளவுகோல். அடி வாங்கியவர் 1946 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் நான்கே பக்கத்தில் மறுமொழி எழுதினார். அதன் சாரம் வருமாறு: ஒரு விதிப்படி பொருள்களுக்கு எண் சூட்டுவதே அளத்தல். எந்த விதிப்படி சூட்டினோமோ அதைப் பொறுத்தே அந்த எண்ணை வைத்து என்ன கணக்குப் போடலாம் என்பது தீரும். எண்களை எவ்வளவு மாற்றினாலும் செய்தி கெடாமல் இருக்கிறது என்று பார்த்தால் அளவையின் சாதி தெரிந்துவிடும். பெயரளவையில் எண்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடாது. வரிசையளவையில் ஏறுவரிசை குலையாதவரை எப்படி வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். இடைவெளியளவையில் எல்லா எண்ணையும் ஒரே அளவால் பெருக்கலாம், எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டலாம். விகித அளவையில் பெருக்கலுக்கு மட்டுமே அனுமதி. படி ஏற ஏற, கணக்குப் போடும் உரிமை கூடும். எண்ணை மாற்றும் சுதந்திரம் குறையும்.

ஆயின் இவை நான்கும் ஒருங்கே வாழும் இடம் எது எனின், கூறுதும்.

3. களமும் முறையும்

ஆய்வுக் களம், ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. ஆய்வு அறநெறி கருதி அதன் பெயர் மறைக்கப்படுகிறது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து ஏற்கெனவே வெயிலில் போய்விட்டதால் மறைப்பது கடினமாக இருக்கவில்லை. மாதிரியெடுப்பு, வசதி மாதிரி முறை. அதாவது பெஞ்சில் இடம் பிடித்தவர், நகர்ந்து இடம் கொடுத்தவர், நகராமல் நாளிதழின் நடுப்பக்கத்தை விரித்துக்கொண்டவர் ஆகியோர். கருவிகள்: கண், காது, நாக்கு. நாக்கு முதல் வாயிலேயே சுட்டுப்போனதால் அடுத்து வந்த தரவுகள் கண்ணையும் காதையும் சார்ந்தவை. ஆராயப்பட்ட மாறிகள்: பானத்தின் வகை, டீயின் கடுப்பு, சூடு, இனிப்பு, விலை, பாக்கி.

4. பெயரளவை

டீ, காபி, பால், பூஸ்ட், ஹார்லிக்ஸ், லெமன் டீ, சுக்குக் காபி என்பன பெயர்கள். விலைப்பலகையில் டீக்கு முன்னால் 1 என்றும் காபிக்கு முன்னால் 2 என்றும் எழுதியிருக்கிறது. இதனால் ஒரு காபி இரண்டு டீக்குச் சமம் என்று எந்த வாடிக்கையாளரும் வாதாடக் கண்டிலோம். 2-ஐயும் 4-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, "மாஸ்டர், சராசரியா ஒரு பால்" என்று கேட்டாரும் இலர். எண் இங்கே வெறும் அடையாளம். எதிரே பேருந்து நிலையத்திலும் இதுவே நிலை. சென்னையில் 29சி பேருந்தைத் தவறவிட்டவர், அடுத்து வந்த 21ஜி-யில் ஏறிக்கொண்டு மீதி எட்டை நடந்து தீர்த்துவிட முடியாது.

இவ்வளவு தெளிவான விதியை மீறத் துணிவார் யார் எனின், படித்தவரே. இதற்குச் சான்றாக, பெஞ்சில் கிடந்த ஒரு பழைய அஞ்சலட்டையை முன்னிட்டு இவ்வாய்வாளர் செய்த சிறு கணக்கொன்றை ஈண்டுத் தருகிறோம். இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண் 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதுவும் அடையாளமே. சென்னை 600001, மதுரை 625001. கூட்டி இரண்டால் வகுக்க வருவது 612501. 612 என்று தொடங்குவது கும்பகோணம் வட்டாரம். வரைபடத்தில் பார்த்தால் கும்பகோணம் ஏறத்தாழ இரண்டுக்கும் இடையில்தான் கிடக்கிறது! சென்னைக்கும் மதுரைக்கும் சராசரி, டிகிரி காபி. டீயைப் பற்றிய ஆய்வில் காபி குறுக்கிட்டதைப் பொருட்படுத்தாமல் மேலே சென்றோம். சென்னை 600001, கோயம்புத்தூர் 641001: சராசரி 620501. 620 என்பது திருச்சிராப்பள்ளி. அதுவும் வழியில்தான் இருக்கிறது.

இரண்டு சான்று கிடைத்தால் ஒரு கோட்பாடு. மூன்றாவது கிடைத்தால் ஒரு கருத்தரங்கம். மூன்றாவதற்கு நாகர்கோவில் 629001-ஐயும் கோயம்புத்தூர் 641001-ஐயும் எடுத்தோம். சராசரி 635001. அது கிருஷ்ணகிரி. தென்கோடிக்கும் மேற்குக்கும் நடுவே இருக்க வேண்டிய ஊர், வடக்கே பெங்களூரு சாலையில் போய் நின்றது. கோட்பாடு அங்கேயே மடிந்தது, கருத்தரங்கமும் கைவிடப்பட்டது. குறியீட்டெண் வட்டாரவாரியாக ஒதுக்கப்பட்டதால் அங்கங்கே ஒழுங்கு போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிக் கூட்டிக் கழித்தால் எந்த ஊரில் இறக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. கணக்குப் பொறி தடுக்கவே தடுக்காது என்பதே இதில் அறியவேண்டுவது. 612501 என்று விடை சொன்ன அதே அடக்கத்தோடு 635001 என்றும் சொல்லும்.

5. வரிசையளவை

இவ்வாய்வின் நடுநாயகம் இதுவே. லைட், மீடியம், ஸ்ட்ராங்.

மாஸ்டர் கிளாசைக் கொதிநீரில் ஒரு சுழற்றுச் சுழற்றிக் கவிழ்க்கிறார். சர்க்கரை விழுகிறது. பொங்கிக்கொண்டிருக்கும் பாலை மொண்டு முக்கால் கிளாசுக்கு விடுகிறார். பிறகு துணி வடிகட்டி மேலே உயர்கிறது. டிகாஷன் ஒரே நூலாக இறங்குகிறது. வெள்ளை மெல்ல மஞ்சளித்து, மரநிறமாகி, செம்மைக்கு வருகிறது. லைட் கேட்டவருக்குக் கை சட்டென்று நிமிர்ந்துவிடும். மீடியம் கேட்டவருக்கு இன்னொரு கண்ணிமைப்பு. "ஸ்ட்ராங்கா, மாஸ்டர்" என்ற குரல் வந்தால் வடிகட்டியை ஒரு பிழி பிழிந்து, கிளாசை வெளிச்சத்துக்குக் காட்டி, திருப்தி இல்லாமல் மேலும் சொட்டு விடுவார். இத்தனைக்கும் எதிலும் அளவுக்கோடு இல்லை. கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் ஐயமும் இல்லை.

லைட்டைவிட மீடியம் கடுப்பு. மீடியத்தைவிட ஸ்ட்ராங் கடுப்பு. இவ்வளவே இவ்வளவை சொல்வது. லைட்டிலிருந்து மீடியத்துக்கு உள்ள தூரமும் மீடியத்திலிருந்து ஸ்ட்ராங்குக்கு உள்ள தூரமும் ஒன்று என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. கனிமங்களுக்கு 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவையும் இப்படிப்பட்டதே. டால்க் 1, வைரம் 10. எது எதைக் கீறும் என்பதே விதி. 9-ஆம் இடத்துக் குருந்தக்கல்லுக்கும் வைரத்துக்கும் இடையே ஒரே ஒரு படி. உண்மைக் கடினத்தை அளந்தாலோ அந்த ஒரு படி, கீழே உள்ள பல படிகளைச் சேர்த்தாலும் எட்டாத உயரம்.

எண் சூட்டினால் என்ன கெடும் என்பார்க்கு ஒரு கணக்கு. அ என்ற கடையில் மூவர் டீ குடித்தனர். மூவருக்கும் வந்தது மீடியம். ஆ என்ற கடையில் மூவர். இருவருக்கு லைட், ஒருவருக்கு ஸ்ட்ராங். எந்தக் கடை டீ கடுப்பு? லைட்டுக்கு 1, மீடியத்துக்கு 2, ஸ்ட்ராங்குக்கு 3 என்று சூட்டினால் அ கடையின் சராசரி 2. ஆ கடையின் சராசரி 1.67. அ வென்றது. பொறுங்கள். ஸ்ட்ராங் என்றால் சும்மாவா, அதற்கு 6 போட வேண்டும் என்கிறார் பெஞ்சின் மூலையில் இருப்பவர். வரிசை குலையவில்லை, ஆகவே வரிசையளவைச் சட்டப்படி அவர் எண்ணும் நம் எண்ணுக்குச் சமமான தகுதி உடையது. இப்போது அ கடை 2, ஆ கடை 2.67. ஆ வென்றது. டீ மாறவில்லை, குடித்தவர் மாறவில்லை, வெற்றி மட்டும் கைமாறிவிட்டது. இந்தத் தகராறில் அசையாமல் நிற்பது இடைநிலை ஒன்றே. மூவரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைக் கேட்டால், அ கடையில் மீடியம், ஆ கடையில் லைட். 6 போட்டாலும் 600 போட்டாலும் நடுவில் இருப்பவர் நகரமாட்டார்.

6. இடைவெளியளவை

டீ ஆறிவிட்டது என்ற புகார் எழும்போது இந்த அளவை களத்துக்கு வருகிறது. "பாதிச் சூடுதான் இருக்கு" என்று ஒருவர் கிளாசை நீட்டுகிறார். மாஸ்டர் கொடுத்தபோது 80 டிகிரி செல்சியஸ் என்றும், அரசியல் பேசி முடித்து இவர் வாயில் வைத்தபோது 40 டிகிரி என்றும் கொள்வோம். பாதியா?

ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 176 டிகிரி, 104 டிகிரி ஆகிவிட்டது. பாதியை விடக் கூடுதல். ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தாமே வகுத்தபடி சொன்னால் இன்னும் வேடிக்கை. அவர் தண்ணீர் கொதிப்பதற்கு 0 என்றும் உறைவதற்கு 100 என்றும் வைத்தார். அவர் 1744-இல் இறந்த பிறகே அது தலைகீழாகத் திருப்பப்பட்டது. அவர் கணக்கில் சூடான டீ 20, ஆறின டீ 60, மும்மடங்கு. கெல்வினில் பார்த்தால் 353, 313. அதாவது புகார்க்காரரின் டீயில் இன்னும் நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கு மேல் சூடு மிச்சமிருக்கிறது. வழக்கு கெல்வின் பிரபுவின் நீதிமன்றத்துக்குப் போனால் மாஸ்டருக்கே வெற்றி.

ஆயின் செல்சியஸ் எதற்கும் உதவாதோ எனின், உதவும். இடைவெளிகள் அதில் நேர்மையானவை. 80-இலிருந்து 60-க்கு இறங்கியதும் 60-இலிருந்து 40-க்கு இறங்கியதும் ஒரே இறக்கம். எந்த அளவுகோலில் எழுதினாலும் சமமே. அதிலுள்ள 0 மட்டும் ஒப்பந்தப்படி வைத்தது. கடைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரும் இச்சாதியே. அதில் ஆங்கில ஆண்டும் அதோடு 31 கூட்டிய திருவள்ளுவர் ஆண்டும் அருகருகே இருக்கின்றன. 1980-இல் திறந்த கடைக்கும் 2010-இல் திறந்த கடைக்கும் 30 ஆண்டு மூப்பு. திருவள்ளுவர் ஆண்டில் 2011, 2041 என்று எழுதினாலும் அதே 30. ஆனால் ஆண்டை ஆண்டால் வகுத்து எந்தக் கடை எத்தனை மடங்கு பழையது என்று கேட்பவருக்கு, எந்தக் காலண்டரைப் பார்த்தார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

7. விகித அளவை

உண்மையான பூச்சியம் உடையது விகித அளவை. நீளம், எடை, காலம், காசு. டீ 15 ரூபாய் என்றும் பஜ்ஜி 10 ரூபாய் என்றும் கொண்டால், டீ ஒன்றரை மடங்கு விலை. அதைப் பைசாவில் எழுதினாலும் ஒன்றரை மடங்கே. 0 ரூபாய் என்றால் காசே இல்லை என்று பொருள். அதற்கு எந்த நாட்டிலும் வேறு பொருளில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் இந்த அளவையின் காவலர். லைட்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் அவர் விலையில் வேறுபாடு வைப்பதில்லை என்பதைக் கவனிக்க. கடுப்பு வரிசையளவையாகையால் அதை ரூபாயாகப் பெயர்க்கும் விதி இல்லை என்று அவர் உணர்ந்திருக்கிறார். டீத்தூள் விலை ஏறும்போது மட்டும் எல்லா டீயும் சேர்ந்து ஏறும், அல்லது சேர்ந்து வெளுக்கும்.

பூச்சியத்தைப் பற்றிச் சில ஐயங்கள் எழுகின்றன. ஒன்று, சர்க்கரை. கரண்டிக் கணக்கில் அது விகித அளவை. எனவே "சர்க்கரை இல்லாம" என்பது பூச்சியம். ஆனால் முந்தைய கிளாசைக் கலக்கிய கரண்டியே இதையும் கலக்குகிறது. ஆற்றும் குவளையும் அதுவே. ஆகவே இங்கே கிடைப்பது சமூகம் ஏற்றுக்கொண்ட பூச்சியம். சர்க்கரை நோயாளர் இதை ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவார். "கம்மியா" என்பாரோ இதைக் கண்டுகொள்வதில்லை. அவர் கேட்டது வரிசையளவை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இருந்தால் அவருக்குப் போதும்.

மற்றொன்று, பாக்கி நோட்டு. அதில் பூச்சியம் உண்மையானது. எனினும் பெரும்பாலோர் அதற்குக் கீழேயே குடியிருக்கின்றனர். நோட்டைப் புரட்டியதில் பூச்சியத்தை அடைந்தவர்கள், அடைந்த அன்றே அதைவிட்டு மீண்டும் இறங்கியதாகத் தெரிகிறது.

8. மாஸ்டரின் மூன்று மையங்கள்

இதுகாறும் கண்டவை தனித்தனி அளவைகள். இனி இவற்றை மாஸ்டர் தொகுக்கும் முறை கூறப்படும். புள்ளியியல் பாடநூல் ஒவ்வோர் அளவைக்கும் ஒரு மையத்தை விதித்திருக்கிறது: பெயரளவைக்கு முகடு, வரிசையளவைக்கு இடைநிலை, இடைவெளிக்கும் விகிதத்துக்கும் கூட்டுச் சராசரி. மாஸ்டர் அந்நூலைப் படித்தவரல்லர். கவனியுங்கள்.

வழக்கமாக வருகிற ஒருவர் சாலையைக் கடக்கும்போதே கிளாஸ் சுழலத் தொடங்குகிறது. அவர் பெஞ்சில் உட்காரவும் டீ வரவும் சரியாக இருக்கிறது. அவர் வாய் திறக்கவே இல்லை. அவர் என்றைக்கோ ஒரு நாள் ஹார்லிக்ஸ் குடித்ததும் உண்டு, லெமன் டீ குடித்ததும் உண்டு. மாஸ்டர் அவற்றையெல்லாம் கலந்து சராசரி காணவில்லை. அதிகம் கேட்டது எதுவோ அதைப் போட்டார். முகடு.

எதிரே உள்ள அலுவலகத்திலிருந்து ஒருவர் பெரிய பிளாஸ்க்கோடு வருகிறார். "அண்ணே, எல்லாருக்கும் சேத்து" என்கிறார். உள்ளே லைட் குடிப்பவர் உண்டு, வாய் கசக்கும் ஸ்ட்ராங் குடிப்பவரும் உண்டு. மாஸ்டர் யாரையும் விசாரிக்காமல் மீடியம் போட்டு நிரப்புகிறார். ஒரு பக்கத்தவருக்குச் சற்றுக் கூடுதல், மறுபக்கத்தவருக்குச் சற்றுக் குறைவு, நடுவில் இருப்பவருக்குச் சரி. கணினி ஒன்று கடுப்பின் சராசரி 2.3 என்று சொல்லியிருக்கும், 2.3 கடுப்பில் டீ போட வடிகட்டியில் வழியில்லை. இடைநிலைக்கோ உரிய கிளாஸ் உண்டு.

நண்பர்கள் கூட்டமாகக் குடித்துவிட்டு எழுகிறார்கள். வடை, பஜ்ஜி, டீ எல்லாம் சேர்த்து எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். இங்கே மட்டும்தான் கடை கூட்டி வகுக்கிறது. கூட்டுச் சராசரி, அதுவும் காசில் மட்டும். மூன்று மையங்கள், மூன்றும் உரிய இடத்தில். ஒருமுறைகூட இடம் மாறக் கண்டிலோம்.

9. மறுப்பும் விடையும்

எண் என்றால் எண்தான், எங்கிருந்து வந்தால் என்ன, கூட்டிப் பார்ப்பதில் என்ன குற்றம் என்பாரும் உளர். அவருள் மூத்தவர் ஃபிரெடரிக் லார்ட். 1953-இல் அவர் ஒரு கதை கட்டினார். கால்பந்து வீரர்களுக்கு எந்திரத்திலிருந்து சட்டை எண் விற்கும் ஒரு பேராசிரியர். முதலாண்டு மாணவர் அணிக்குச் சிறிய எண்களாகவே வந்துவிட்டன. மூத்த மாணவர் அணி அவர்களைக் கேலி செய்தது. எந்திரத்தில் சூது நடந்ததா என்று கேள்வி. பேராசிரியர் தவித்தார்; சட்டை எண் பெயரளவையாயிற்றே, சராசரி காணலாகாதே என்று. ஒரு புள்ளியியலாளர் வந்து கூசாமல் கூட்டி வகுத்து, தற்செயலாக இப்படி நேராது என்று தீர்ப்புச் சொன்னார். எண்ணுக்குத் தன் பூர்வீகம் தெரியாது என்பது அவர் வாதம்.

இதற்கு விடை: எண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் கேட்டவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்டது எந்திரத்தைப் பற்றி. வீரரின் திறமையைப் பற்றியல்ல. 1993-இல் வெல்மனும் வில்கின்சனும் இதையே வேறு வழியில் சொன்னார்கள்: அளவை, எண்ணோடு ஒட்டிப் பிறந்த மச்சமன்று, கேட்கும் கேள்வியைப் பொறுத்து அது மாறும். டோக்கன் கொடுக்கும் பெரிய கடைகளில் இதை நேரே காணலாம். 47 என்று கூவினால், கையில் உள்ள டோக்கன் 47-தானா என்று பார்ப்பவருக்கு அது பெயர். நமக்கு 52, இன்னும் ஆகும் என்று சலிப்பவருக்கு அது வரிசை. காலை முதல் எத்தனை விற்றிருக்கிறது என்று கணக்கிடும் கல்லாக்காரருக்கு அது எண்ணிக்கை. ஒரே காகிதம், மூன்று அளவை. மாஸ்டருக்கோ எதுவுமில்லை, கூவிய குரலைக் கேட்டதும் போடுகிறார்.

ஸ்டீவன்சும் இவ்விடத்தில் விட்டுக்கொடுத்தே பேசினார். உளவியலார் பயன்படுத்தும் பெரும்பாலான அளவைகள் வரிசையளவைகளே. கண்டிப்பாகப் பார்த்தால் அவற்றுக்குச் சராசரி காணலாகாது. ஆனாலும் கண்டு பல நேரம் பயனடைந்திருக்கிறார்கள், ஆகவே நடைமுறையில் ஒரு சலுகை உண்டு என்றார். சலுகையின் வாயில் அன்று சற்றே திறந்தது. அதன் வழியே உள்ளே நுழைந்த கூட்டத்தைப் பற்றியது அடுத்த பகுதி.

10. பெஞ்சின் பிழை

பெஞ்சில் அமர்வோர் பலர் எழுந்ததும் போவது அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும். அங்கே அவர்கள் கையில் ஒரு படிவம் தரப்படுகிறது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வகுத்தது. முற்றிலும் உடன்படுகிறேன் என்பது 5, முற்றிலும் மறுக்கிறேன் என்பது 1, இடையே மூன்று படிகள். 'ஆசிரியர் பாடத்தைத் தெளிவாக நடத்துகிறார்' என்பது போன்ற வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். மாணவர்கள் கடைசி மணி அடிக்கும் நேரத்தில் டிக் அடித்துத் தருவார்கள்.

கவனிக்க: இது லைட், மீடியம், ஸ்ட்ராங் அளவையே, இரண்டு கிளாஸ் கூடுதல். 'உடன்படுகிறேன்' என்பதற்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அதைக் குறித்த மாணவருக்கே தெரியாது. ஆனால் படிவங்கள் கணினிக்குள் போய், ஓர் ஆசிரியருக்கு 3.87 என்றும் இன்னொருவருக்கு 3.91 என்றும் வெளிவருவதாகக் கொள்வோம். இரண்டாமவருக்கு ஆண்டுவிழா மேடையில் பொன்னாடை. முதலாமவருக்கு முன்னேற்றத் திட்டம் எழுதித்தரச் சொல்லிக் கடிதம். நடுவில் உள்ள 0.04 என்பது என்ன? எதன் நூற்றில் நான்கு? அதை யாரும் கேட்பதில்லை. இரண்டு தசம இடங்களின் முன்னால் பேச்சு அடங்கிவிடுகிறது. நாம் ஐந்தாம் பகுதியில் கண்ட அ கடை, ஆ கடை கணக்கை இங்கே போட்டால் பொன்னாடை எத்தனை தோளுக்கு மாறும் என்பது அச்சத்தால் கணக்கிடப்படவில்லை.

கைபேசியில் உணவகத்துக்கு நட்சத்திரம் போடுவோரும் இவ்வரிசையினரே. சாம்பார் ஊசிப்போனதற்கு ஒரு நட்சத்திரம் போட்டவரும், கொண்டுவந்தவர் வாசலில் காத்திருக்கவில்லை என்று ஒரு நட்சத்திரம் போட்டவரும், பிறந்தநாள் உற்சாகத்தில் ஐந்து போட்டவரும் இன்னும் பலரோடு கூட்டப்பட்டு வகுக்கப்பட்டு 4.1 ஆகிறார்கள். 4.1-ஐ நம்பாமல் 4.3-க்கு ஓடுகிறோம். அதே நாம், டீக்கடையில் யாராவது "உங்க டீயோட சராசரி எவ்வளவு?" என்று கேட்டால் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்ப்போம்.

ஆகவே, எண்ணைக் கண்டு மயங்குவது எண்ணறியாமையால் வருவதன்று. அறிந்தவர்க்கே அது வருகிறது. கணக்குத் தெரியாதவர் கூட்டத் துணியார். வடிகட்டியைத் தூக்கி எங்கே நிறுத்துவது என்று அறிந்த மாஸ்டர் கூட்டுவதற்கு அவசியமே காணார். இடையில் உள்ளோரே கூட்டிவிட்டுக் காரணம் தேடுகின்றனர் என்பது போந்த பொருள்.

11. வரம்புகளும் பரிந்துரைகளும்

இவ்வாய்வு பசும்பால் டீயோடு நிற்கிறது. பவுடர் பாலில் இம்முடிவுகள் செல்லுமா என்பது மேலாய்வுக்குரியது. வடையின் விட்டம் விகித அளவையாயினும், காலப்போக்கில் அது ஒரே திசையில் மாறிவருவதால் தனிக் கட்டுரை வேண்டும். ஆற்றும் உயரத்துக்கும் நுரைக்கும் உள்ள உறவை அளக்க முயன்றபோது சட்டை நனைந்ததால் அது கைவிடப்பட்டது.

பரிந்துரைகள் மூன்று. முதலாவது, கருத்துக்கேட்புப் படிவம் தயாரிக்கும் குழு ஒவ்வொன்றிலும் புறநிலை உறுப்பினராக ஒரு டீ மாஸ்டர் இடம்பெற வேண்டும். இரண்டாவது, முடிவுகளை வெளியிடுமுன், அதிகம் பேர் சொன்னது என்ன, நடுவில் நிற்பவர் சொன்னது என்ன என்று எழுதிவிட்டு, தசமப் புள்ளி தேவைப்படுகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஆராய்ச்சி முறையியல் வகுப்பின் செய்முறைப் பயிற்சியைப் பிற்பகல் மூன்றரை மணிக்கு வைக்க வேண்டும். அந்நேரத்தில் மாணவர் இருக்கும் இடத்திலேயே வகுப்பையும் நடத்தியதாக இருக்கும்.

இக்கட்டுரையை மதிப்பிடவிருக்கும் பேரறிஞர் மூவருக்கும் ஒரு விண்ணப்பம். ஐந்துக்கு எத்தனை என்று எண் போட வேண்டாம். லைட், மீடியம், ஸ்ட்ராங் என்ற மூன்றில் ஒன்றைக் குறித்தனுப்பினால் போதும். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் நடுவில் உள்ளதை ஏற்றுக்கொள்வோம். எக்காரணம் கொண்டும் கூட்டி வகுக்க மாட்டோம்.